யாரும் வாங்காத நாலு வரி

உலக இசைக்கு என் பங்களிப்பு ஒரே ஒரு ஒலி. அது "ஊம்". ஒரு கொரியக் காதல் பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, இரண்டு ஸ்வரத்தில் மாற்றி மாற்றி, நான் அதைத்தான் பாடினேன். அந்தப் பாட்டுக்கே நீங்கள்தான் அஸ்திவாரம் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டீச்சர் சொன்னார். அஸ்திவாரம் வெளியே தெரியாமல் இருப்பதுதான் கட்டடத்துக்கு நல்லது என்றும் கூடவே சொன்னார். முதல் வாக்கியத்தை மட்டும் நான் வெளியே சொல்லிக்கொள்வதுண்டு.

திருத்தணியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற, ஐம்பதைத் தாண்டிய ஒருவன், இளஞ்சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் முனகுகிற நிலைக்கு எப்படி வந்தான் என்று கேட்டால், பாவாவைத்தான் கை காட்ட வேண்டும். பாவா என் மனைவியின் அண்ணன். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கிருத்திகைக்குக் கிருத்திகை மலை மேல் பாடுகிற பஜனைக் குழுவுக்குத் தலைவர். அவருக்கு முன்னால் என் மாமனார் தலைவராக இருந்தார். நாட்டில் எந்தப் பதவியெல்லாம் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் பஜனையில் முறை எளிமையானது. தலைவர் ஒரு வரி கொடுப்பார், மற்றவர்கள் அதை வாங்குவார்கள். கொடுப்பது, வாங்குவது என்றுதான் நாங்கள் சொல்வோம். அவர் எப்படிக் கொடுத்தாரோ அப்படியே வாங்க வேண்டும். இழுத்தால் இழுக்க வேண்டும், பிசகினால் பிசக வேண்டும். ஒருமுறை பாவா வரியின் நடுவில் தும்மிவிட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் தும்மலையும் சேர்த்து வாங்கினார்கள். பக்தி என்றால் அது பக்தி.

என் மனைவி பன்னிரண்டு வயதில் அந்தக் குழுவில் வந்து உட்கார்ந்தவள். அன்றிலிருந்து வாங்குகிற பக்கம்தான். முதலில் அப்பா கொடுத்ததை வாங்கினாள், பிறகு அண்ணன் கொடுத்ததை. பெண்கள் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. விதி என்று ஒன்று இருந்திருந்தால் எதிர்த்து ஒரு மனுவாவது எழுதியிருப்பேன், மனு எழுதுவது என் தொழில். கேட்கவே தோன்றாத விஷயத்துக்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது?

அப்போதுதான் ஒரு தொலைக்காட்சி, ஊருக்கு ஒரு குழுவாகச் சேர்ந்து பாடும் போட்டி ஒன்றை அறிவித்தது. பாவா எங்கள் பஜனையைச் செல்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டார். அவர்கள் கூப்பிட்டும் விட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஆணும் பெண்ணுமாகப் பதினாறு பேர் வேண்டும், எல்லோரும் ஒரே மாதிரி பாடக் கூடாது. ஒருவர் மேலே போகும்போது இன்னொருவர் கீழே இருக்க வேண்டும், இரண்டும் ஒட்ட வேண்டும். எங்கள் பஜனையிலும் ஒருவர் மேலே போகும்போது இன்னொருவர் கீழேதான் இருப்பார். ஒட்டாது, அவ்வளவுதான்.

இதற்கென்று வெளியிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்தோம். ஒருவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு. குரல்களைப் பிரித்து அடுக்குவது அவருக்குக் கைவந்த வேலை. இன்னொருவர் எங்கள் தெருவில் இருக்கும் பாய். ஒரகடம் பக்கத்தில் ஒரு கொரியக் கம்பெனி அதிகாரிக்கு வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு நல்ல குரல், காரில் தனியாக ஓட்டிக்கொண்டே வளர்த்த குரல். மலைப்பாட்டுக் குழுவில் டீச்சரும் பாயும் வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சிக்காரர்கள் பெரிய சங்கதியாக எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஒருவர் பக்கத்து வீடு, இன்னொருவர் பாவா மகளுக்கு வகுப்பாசிரியை.

வேலூரில் நடந்த முதல் சுற்றில் காவடிச் சிந்து பாடித் தேறிவிட்டோம். அது எங்களுக்குத் தூக்கத்தில் வரும். அடுத்தது உலகச் சுற்று. ஒவ்வொரு குழுவும் சீட்டு எடுக்க வேண்டும், சீட்டில் எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில் ஒரு பாப் பாட்டு. பாவா கண்ணை மூடி, மலை இருக்கும் திசையை உத்தேசமாகக் கும்பிட்டு, கையை விட்டார். கொரியன் வந்தது. தெலுங்கு உலகச் சுற்றில் சேராதா என்று அங்கேயே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். சேராது என்றார்கள்.

பாவா மனம் தளரவில்லை. கொரிய மொழி தமிழிலிருந்து போனது என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. "அதுல அப்பா, அம்மா எல்லாம் அப்டியே கீது மாப்ள. நம்ம பாஷதான். கப்பல்ல போச்சு," என்றார். எங்களுக்குக் கொடுத்த பாட்டில் நான் கேட்ட வரைக்கும் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அது காதல் பாட்டு. அந்த இடத்துக்கு அவர்கள் இருவரையும் யாரும் கூப்பிடுவதில்லை.

பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்தால், யாரோ வாயில் சூடான கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு ரயில் நிலையப் பெயர்களைச் சொல்வது போல் இருந்தது. பாவா பாடியபோது அது சிந்தாகவே மாறியது. எங்கே போனாலும் கடைசியில் "அரோகரா" என்று முடியப் போகிறது என்ற எதிர்பார்ப்பு அவர் குரலில் இருந்துகொண்டே இருந்தது.

என் மனைவிக்கு மட்டும் சிரமமே இல்லை. அவள் ஏற்கெனவே கொரியத் தொடர்களில் ஆழ்ந்து போனவள். முதலில் தமிழ் பேசுகிற கொரியர்களைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது என்று குறைப்பட்டு மூலமொழிக்கே மாறிவிட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்பாள். ருஷ்ய நாவல்களை எல்லாம் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு மூலத்தில் படித்தவன் மாதிரி டீக்கடையில் பேசித் திரிந்தவன் நான். வாழ்க்கையில் மூலத்தில் படித்தது என்றால் மூலப்பத்திரம் மட்டும்தான். இவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மிச்ச வேலைகளையும் கெடுக்காமல், ஒரு மொழியின் ஓசையைக் காதில் ஏற்றி வைத்திருந்தாள். அர்த்தம் பாதி தெரியும் என்றாள். எனக்குப் பத்திரமொழியே பாதிதான் தெரியும் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். வாத்தியம் நின்றுவிடும், எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், ஒரே ஒரு குரல் நாலு வரி பாடும். அதைத் தலைவர் என்ற முறையில் தானே பாடுவது என்று பாவா மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். டீச்சர் ஒருநாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க குரல் பெரிய குரல்ங்க. இது சின்னப் பாட்டு. தாங்காது." பாவாவுக்கு அது பாராட்டா வேறு ஏதாவதா என்று இரண்டு நாள் விளங்கவில்லை. அதற்குள் நாலு வரி தங்கைக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் என் மனைவி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, உதவுகிற பாவனையில், உரித்த மொச்சையைத் தின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாங்க, அந்த நாலு வரி நான் பாடி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாங்கக் கூடாது," என்றாள். "எங்க அண்ணனும்தான்."

தனிக்குரல் என்றால் அப்படித்தானே, யார் வாங்கப் போகிறார்கள் என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது. நம்ம கும்பல நான்தான பாத்துகினு கீறேன்." கொஞ்சம் உரித்தாள். "எத்தினி வருசமா பாடறேன். எங்கொரலு எப்டி இருக்கும்னு எனக்கே தெரியாதுங்க. எப்பவும் கும்பலோடதான் கேட்டுகீறேன்."

செல்பேசியில் பதிவு செய்து கேட்டால் தெரிந்துவிடுமே என்றேன்.

"அது போனோட கொரலு."

வீட்டில் தனியாகப் பாடிப் பார்க்கலாமே.

"எங்க? குக்கர் வாங்குது. மிக்சி வாங்குது. நீங்க 'காபி கீதா'ன்னு வாங்கறீங்க."

ஒருத்தரும் வாங்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றேன். இப்படிப்பட்ட பொறுப்புகளை நான் பொதுவாக ஏற்பதில்லை. மொச்சை தீர்ந்துவிட்டிருந்தது, பேச்சை மாற்ற வேறு எதுவும் கையில் இல்லை.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது மறுநாளே தெரிந்தது. ஒத்திகை பாவா கடையின் மாடியில். கீழே விற்பனை, மேலே கிடங்கு. சுவரோரம் அண்டாவும் குண்டானும் தவலையும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். நடுவில் பதினாறு பேர் நெருக்கியடித்து நிற்போம். அவள் நாலு வரியில் முதல் வரியைப் பாடினாள். முடித்தாள். அடுத்த கணம் பதினைந்து பேரும், டீச்சரையும் பாயையும் தவிர்த்தால் பதின்மூன்று பேரும், ஒரே குரலில் அதைத் திருப்பிப் பாடினோம். எனக்கு அந்த வரி தெரியவே தெரியாது. இருந்தும் வாயில் ஏதோ ஒன்று வந்து அதே இடத்தில் முடிந்தது. உடம்பில் ஊறின விஷயத்துக்கு மூளை தேவைப்படுவதில்லை.

டீச்சர் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். மறுபடியும் வாங்கினோம். மூன்றாம் தடவை பாவா வாயைப் பொத்திக்கொண்டார், பொத்திய கைக்குள் வாங்கினார்.

அதற்குப் பிறகு வைத்தியங்கள் தொடங்கின. அந்த நாலு வரியின்போது எல்லோரும் வாயில் கல்கண்டு போட்டுக்கொள்வது என்று ஒரு யோசனை. எங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. மீதிப் பேர் கல்கண்டைக் கடித்தார்கள், அந்தச் சத்தத்துக்கு அவர்கள் வாங்கியே இருக்கலாம். வாயில் தண்ணீர் வைத்துக்கொள்வது என்று இன்னொரு யோசனை. பாயின் முகத்தைப் பார்த்து யாரோ சிரிக்க, தண்ணீர் முழுவதும் முன்வரிசையின் முதுகில். கடைசியில் டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். எல்லோரும் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஆள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டால் கையை அழுத்த வேண்டும். எனக்குப் பக்கத்தில் பாவாவை நிறுத்தினார்கள். பாவாவும் நானும் கை கோத்து நின்றோம். என் கல்யாணத்தில்கூட நாங்கள் அப்படி நின்றதில்லை.

கை கொஞ்சம் வலித்தது, ஆனால் பலித்தது. ஒரு மாதத்தில், அவள் வரியை முடித்தால் கிடங்கு அமைதியாக இருந்தது. மனிதர்கள் வரையில் அமைதி. அண்டாக்களுக்குக் கையில்லை, அழுத்த முடியவில்லை. அவள் குரல் நின்றதும் பித்தளையில் லேசாக ஓர் அதிர்வு எழுந்து அடங்கும். அது அடங்கியதும் அவள் அடுத்த வரிக்குப் போவாள். கேட்க அழகாகத்தான் இருந்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

உச்சரிப்புக்கு மட்டும் ஓர் அத்தாட்சி வேண்டும் என்று பாவா ஆசைப்பட்டார். பாயின் அதிகாரியைவிட நல்ல அத்தாட்சி எங்கே கிடைக்கும்? முழுப் பாட்டையும் பதிவு செய்து கொடுத்தனுப்பினோம். மறுநாள் ஒத்திகைக்கு வந்த பாயைச் சூழ்ந்துகொண்டோம்.

"கார்ல போட்டேன் சார். முழுசா கேட்டாரு. பாதில நிறுத்தச் சொல்லல."

கேட்டுவிட்டு என்ன சொன்னார்?

"ரொம்ப நல்லா கீதுன்னாரு. இது தமிழா, தெலுங்கான்னு கேட்டாரு."

நடுவில் வந்த பொம்பளைக் குரல் மட்டும் தன் ஊர்ப்பக்கத்து அத்தை மாதிரி இருக்கிறது என்றும் சொன்னாராம். அதை பாய் கடைசியில்தான் சொன்னார். என் மனைவி அதைக் கேட்டும் கேட்காத மாதிரி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். நாலு வரியாவது கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்ததே என்றார் பாவா.

பதிவு நாளன்று காலை ரயிலில் சென்னைக்குப் போனோம். புளிசாதம், துண்டு, மலை விபூதி, தொண்டைக்கு ஆளுக்கொரு மிளகு. ரயிலில் பாவா எல்லோரையும் பேசாமல் குரலைக் காப்பாற்றச் சொன்னார். அதை அரக்கோணம் வரைக்கும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். அதன் பிறகு அவர் குரல் கொஞ்சம் கட்டிவிட்டது.

ஸ்டுடியோவில் எங்களுக்கு இளஞ்சிவப்புக் கோட்டு கொடுத்தார்கள். பாவா அதைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் பட்டையாக விபூதியோடு கண்ணாடி முன் நின்றபோது, கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் விற்கும் சிவனடியார் மாதிரி இருந்தார். நான் எப்படி இருந்தேன் என்று மனைவியிடம் கேட்டேன். கேட்காதீர்கள் என்றாள். காதில் ஒயர் மாட்டிய ஓர் உதவி இயக்குநர் வந்து, முடிவு சொல்லும்போது நேரம் இருக்காது, இப்போதே முகபாவங்களை எடுத்துவிடலாம் என்றார். ஜெயித்த மாதிரி ஒரு தடவை குதித்தோம். தோற்ற மாதிரி ஒரு தடவை அழுதோம். குதிப்பதில் நாங்கள் சுமார். அழுகையில் பாவா உண்மையாகவே இறங்கிவிட்டார். இன்னும் பாடவே இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது.

எங்களுக்கு முன்னால் பாடிய சென்னைக் குழு கறுப்பு உடையில் வந்திருந்தது. ஸ்பானிஷ் பாட்டு. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்தார்கள். அதைப் பார்த்ததும் பாவா என் கையை, இன்னும் மேடையேறாத நிலையிலேயே, பழக்கதோஷத்தில் அழுத்தினார்.

பிறகு எங்கள் முறை.

ஆரம்பம் நன்றாகவே போனது. டீச்சரும் மற்றப் பெண்களும் மேலே போனார்கள், பாய் நடுவில் தாங்கினார், நான் கீழே "ஊம்" என்று கிடந்தேன். பாவா சிந்துக்குள் நழுவாமல், கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்துவைக்கிறவர் போலப் பாடினார். அந்த இடம் வந்தது. வாத்தியம் நின்றது. நாங்கள் நிறுத்தினோம், கைகளைப் பிடித்துக்கொண்டோம். என் மனைவி ஓர் அடி முன்னால் போய் முதல் வரியைப் பாடினாள்.

பாவா மூச்சை இழுத்தார். அழுத்தினேன். இழுத்த மூச்சை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் குழுவின் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு வரியை வாங்காமல் விட்டிருக்கிறோம். அந்தப் பெருமையில் கொஞ்சம் நின்ற பிறகுதான், இரண்டாவது வரி இன்னும் வரவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அவள் மறக்கவில்லை. முதுகைப் பார்த்தே எனக்கு அது தெரிந்தது. மறந்தால் அவளுக்கு வலது கை காதுக்குப் போகும், கை அசையவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து, ஒரு வரி முடிந்தால் அது கும்பலிலிருந்து திரும்பி வரும், வந்த பிறகுதான் அடுத்தது, என்று பழகிய உடம்பு அது. வாங்காமல் இருக்க நாங்கள் பதினைந்து பேரும் கை வலிக்கப் பழகியிருந்தோம். யாரும் வாங்காவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒருத்தரும் பழக்கவில்லை. கடை மாடியில் எங்களுக்குப் பதிலாக அண்டாக்கள் வாங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. இங்கே சுவரெல்லாம் சத்தத்தை விழுங்குகிற பஞ்சு. வரி போனது, போனதுதான்.

"பாவம் மாப்ள. வாங்கிடலாம்," என்று பாவா உதடு அசையாமல் சொன்னார். அவர் கண்ணில் நிஜமாகவே தவிப்பு இருந்தது. தங்கை நடுவழியில் நிற்கிறாள், அண்ணன் கையில் மருந்து இருக்கிறது, மச்சான் கையைப் பிடித்து நிறுத்துகிறான். நான் விடவில்லை.

அப்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் வாங்குங்கள் என்று இருந்ததா, வாங்காதீர்கள் என்று இருந்ததா என்பதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வாங்குவதற்கு எனக்கு அந்த வரியும் தெரியாது. எனக்குத் தெரிந்த கொரியன் "ஊம்" மட்டும்தான், அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் எங்கள் குடும்பம் இன்று இரண்டாக இருந்திருக்கும். நான் மெதுவாகத் தலையை இடவலமாக ஆட்டினேன். யாரும் வாங்க மாட்டார்கள், நீ போ என்று அர்த்தம். என் தலையாட்டலை அவள் சரியாகப் புரிந்துகொண்ட நாள் எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

திரும்பி இரண்டாவது வரியைப் பாடினாள். முடித்துவிட்டு மறுபடி நின்றாள். ஆனால் இந்தத் தடவை அது காத்திருப்பு இல்லை. தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்திருந்தாள், கடைக்காரர் தக்காளி நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பாளே, அப்படி. கேட்டுக்கொண்டிருந்தாள். மேடையில், விளக்குகளுக்கு நடுவில், நடுவர்கள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க, அவள் பாட்டுக்கு நின்று கேட்டாள். அவசரமே படவில்லை. மூன்றாவது வரி, நிறுத்தம். அது மேலே ஏறிப் போகிற வரி. நாலாவது வரி, நிறுத்தம். கீபோர்டு வாசிக்கிறவர் பாட்டு முடிந்துவிட்டதோ என்று கையை எடுத்துவிட்டார். மறுபடி எல்லோரும் சேர வேண்டிய இடத்தில் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் சேர்ந்தோம். அஸ்திவாரம் கடைசியாக வந்து சேர்ந்தது.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் அந்த நிறுத்தங்கள் துணிச்சல் என்றார். இன்னொருவர் அந்த நிறுத்தங்களில் பாட்டே இறந்துவிட்டது என்றார். மூன்றாமவர் அந்த நிறுத்தங்களை யார் அமைத்தது என்று கேட்டார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பாவா மைக்கை வாங்கி, அது எங்கள் மலைப்பாட்டில் வழிவழியாக வருகிற முறை என்று சொல்லிவிட்டார். எந்த மலையிலும் அப்படி ஒரு முறை கிடையாது. தங்கையை விட்டுக்கொடுக்காமல் இருக்க அவருக்கு அந்த நேரத்தில் அதுதான் கிடைத்தது.

அந்தச் சுற்றோடு வெளியேறினோம். அழுகையை ஏற்கெனவே எடுத்துவிட்டதால் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வரும்போது பாவா, நாலு தடவையும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன், புளிசாதம்கூட அவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்கியதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திருவள்ளூரில் கொய்யா வாங்கி எல்லோருக்கும் அவளே நறுக்கிக் கொடுத்தாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை பாவா குடும்பம், டீச்சர், பாய், பாயின் வீட்டம்மா, எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில். இளஞ்சிவப்புக் கோட்டுகள் வந்தன. எல்லோரும் அவரவரைத் தேடினார்கள். என்னை முழு உருவத்தில் காட்டவில்லை, பாவாவின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. நாலு வரி வந்தது. முதல் வரி முடிந்த கையோடு இரண்டாவது வரி வந்தது. அது முடிந்ததும் மூன்றாவது, உடனே நாலாவது. ஒரு நிறுத்தமும் இல்லை. கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். நெசவு நெருக்கமான பொதட்டூர்பேட்டைத் துணி மாதிரி, ஊசி நுழைய இடமில்லாமல் இருந்தது. கூடமே கை தட்டியது. இவ்வளவு நன்றாகப் பாடியும் எப்படித் தோற்றீர்கள் என்று எதிர்வீட்டம்மா கேட்டார். அரசியல் என்றார் பாவா.

எல்லோரும் போன பிறகு அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அந்த எடத்தையெல்லாம் வெட்டிட்டானுங்க," என்றாள்.

நல்லதுதானே, கேட்கத் தடங்கல் இல்லாமல் இருந்ததே என்றேன்.

"இன்னா நல்லது. அங்கதான எனக்குக் கேட்டுச்சு." குழாயைத் திறந்தாள். "மொத வரி பாடச் சொல்லோ இன்னா பாடனேன்னே தெரியல. பயந்துகினு கெடந்தேன். யாரும் வாங்கலையா, செத்தேன்னு நெனச்சேன். நீங்க வேற தலைய ஆட்டறீங்க. ரெண்டாவது பாடிட்டு சும்மா நின்னேன். அப்பதான் கேட்டுச்சுங்க."

எப்படி இருந்தது என்று கேட்டேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இவ்வளவு நாளும் அதுதான் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அவள் ஒரு டம்ளரைக் கழுவி முடித்தாள்.

"எங்க அண்ணன் கொரலு மாரியே கீதுங்க."

எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அவளும் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் அந்தக் குரலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அதிலிருந்து தன்னுடையதைப் பிரித்துக் கேட்க ஆசைப்பட்டு, பிரித்து எடுத்துப் பார்த்தால் அதுவும் அதே குரல்.

"அவராண்ட சொல்லிடாதீங்க. அப்புறம் அந்த நாலு வரியயும் அவரே பாடன மாரி ஊரெல்லாம் சொல்லிகினு திரிவாரு."

சொல்லவில்லை. பாவா நான் எழுதுவதில் கிரயப் பத்திரத்தைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்பதால், இங்கே எழுதுவதில் ஆபத்தும் இல்லை.

டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எனக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், நிறுத்துப் பார்த்து எடையைச் சொல்கிறவள் போலச் சொன்னாள்:

"ஆனா மேல போகச் சொல்லோ அவருக்கு ஒடையும். எனக்கு ஒடையல. மூணாவது வரில நல்லா நின்னு கேட்டேன்."